நாலு பீப்பாயும் ஒரு படிக்கமும்

சுவை பார்க்கும் மேசைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகளுக்கு என் அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தரும்படி முகாமையாளர் கேட்டார். ஓய்வு பெற்ற மனுசியிடம் இப்படிக் கேட்பது ஆபத்தான காரியம். வேலையை விட்டு வீட்டுக்குப் போன நாளிலிருந்து நான் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க எங்கள் வீட்டு நாயைத் தவிர வேறு ஆள் இல்லை. ஆகவே கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிண்ணத்தை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு ஊற்றுவது, எப்படி முகர்வது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். நான் ஒரு நாள் நடந்ததை மட்டும் எழுதுகிறேன். அன்று நாலு பீப்பாய் நல்ல சரக்கைக் கழிவுநீர்க் கானில் ஊற்றிவிட இருந்தார்கள். அதோடு ஒரு பிள்ளையின் தொழிலும் கானோடு போக இருந்தது.

என்னைத் தெரியாதவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் வடக்கே அளவெட்டிக்காரி. இரசாயனம் படித்துவிட்டு இந்தப் பனஞ்சாராய ஆலைக்கு வந்தேன். முதல் சில வருடங்கள் பனங்கட்டிப் பகுதியில் போட்டார்கள். பிறகு சாராயத்தைச் சுவை பார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். கலியாணம் பேச வந்தவர்கள், "பெட்டைக்குச் சாராயக் கொம்பனியிலை என்ன வேலை?" என்று கேட்டபோது, எங்கள் அப்பா முகத்தை அசைக்காமல், "கணக்கு வேலை" என்று சொல்லிவிட்டார். தாலி ஏறிய பிறகுதான் என் கணவருக்கு உண்மை தெரிந்தது. மனுசன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "அப்ப இந்த வீட்டிலை குடிக்கப் போறது நீரோ, நானோ?" என்று கேட்டார். இன்று வரை இரண்டு பேரும் குடிப்பதில்லை.

நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் எங்கள் வேலையின் முதற் சட்டமே துப்புவதுதான். வாயில் வைத்து உருட்டி, மேலண்ணத்தில் பட விட்டு, பிறகு துப்பிவிட வேண்டும். விழுங்கினால் அது குடி. அடுத்த கிண்ணத்துக்கு அந்த நாக்கு உதவாது. மேசையின் நடுவில் ஒரு பித்தளைப் படிக்கம் இருக்கிறதே, நீங்கள் அருவருப்போடு பார்க்கிற அதே படிக்கம், அதுதான் என்னோடு நீண்ட காலம் வேலை செய்த சகபாடி. ஒரு கிண்ணத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் உப்புப் போடாத ஆறிய இடியப்பத்தில் கொஞ்சம் கிள்ளி வாயில் போட்டுக்கொள்வோம். வெளியூர் ஆட்கள் வந்தால் பிஸ்கட் கேட்பார்கள். எங்களுக்கு இடியப்பம்தான். நாக்கு அதற்குத்தான் அடங்கும்.

இன்னொரு சகபாடி மரியநாயகம் அண்ணை. குருநகர் ஆள். பீப்பாய்க் கூடம் முழுவதும் அவருடைய பொறுப்பு. சுவை பார்க்கும் மேசையில் எனக்கு அடுத்த கதிரையும் அவருடையது. என்னைவிடக் கொஞ்சம் மூப்பு. என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நல்லூர்க் கோயிலில் கொடி ஏறினால் தீர்த்தம் முடியும் வரை என் நாக்குக்கு விடுமுறை. அந்த நாட்களில் மதுவைத் தொட மாட்டேன். அவர் பார்ப்பார். தவக்காலம் தொடங்கினால் உயிர்த்த ஞாயிறு வரை அவருடைய நாக்குக்கு விடுமுறை. நான் பார்ப்பேன். தவக்காலத்துக்குள் சிவராத்திரி வந்து விழுந்தால் அன்று ஆலையில் சுவை பார்க்க ஒருவரும் இல்லை. முகாமையாளர் தலையில் கையை வைத்துக்கொண்டு, "உங்கள் ரெண்டு பேரையும் வைச்சுக்கொண்டு நான் ஆச்சிரமம் நடத்தலாம்" என்பார். முகர்ந்து பார்ப்பதில் மட்டும் விரதம் கெடாது என்று நாங்கள் இரண்டு பேரும் முன்பே பேசித் தீர்த்துக்கொண்டோம். சாமிகளிடம் கேட்கவில்லை.

இனிக் கதைக்கு வருகிறேன்.

தெற்கில் ஒரு சிறிய பியர் ஆலையில் சுகந்தி என்றொரு பிள்ளை பியர் காய்ச்சும் வேலையில் இருந்தாள். சொந்த இடம் மலைநாட்டில் ஹற்றன் பக்கம். அவளுக்கு ஸ்கொட்ச் ஏல் என்றால் பைத்தியம். அது ஸ்கொட்லாந்துக்காரர் முறையில் காய்ச்சுகிற பியர். கடையில் காண்கிற மஞ்சள் பியரோடு அதைச் சேர்த்துப் பார்க்கக் கூடாது. கறுப்பாக, தடிப்பாக, வறுத்த தானியத்தின் இனிப்போடு இருக்கும். அதை மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடத்தினால், மரத்தின் வாசமும் அந்தப் பீப்பாயில் முன்பு இருந்த மதுவின் வாசமும் அதற்குள் இறங்கும். வெளிநாடுகளில் விஸ்கி இருந்த பீப்பாய்களில் போடுவார்களாம். எங்கள் பனஞ்சாராயப் பீப்பாயில் போட்டால் என்ன என்று இவளுக்குத் தோன்றியிருக்கிறது. அப்படி ஒன்றை வேறு எங்கேயும் செய்ததாக நாங்கள் கேள்விப்பட்டதில்லை.

அங்கே அவளுக்கு மேலே இருந்த பெரிய வடிப்பாளருக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. கெஞ்சி மன்றாடி ஒரே ஒரு தடவைக்குச் சம்மதம் வாங்கினாள். நாலு பீப்பாய் போடலாம். அதில் மூன்று பீப்பாயாவது தேற வேண்டும். தேறாவிட்டால் பியர் காய்ச்சும் வேலையை விட்டுவிட்டுப் பழையபடி போத்தல் கழுவும் பகுதியை மேய்க்கப் போக வேண்டும். இதை அவளே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். ஆனால் கண் சிரிக்கவில்லை.

பீப்பாய்களில் இருந்த சாராயத்தை வடித்துவிட்டு ஆயத்தமாக வைத்தோம். ஏலுக்கு அனுமதி கிடைக்கச் சுணங்கியது. பீப்பாய்கள் கொஞ்சக் காலம் வெறுமையாகக் கிடந்தன. பிறகு ஒருநாள் தெற்கிலிருந்து ஏலோடு லொறி வந்தது. நாலையும் நிரப்பினோம். பெரிய வடிப்பாளரின் கட்டளை ஒன்றே ஒன்றுதான்: தாங்கள் சொல்லும் வரை ஒருவரும் அடைப்பைத் திறக்கக் கூடாது. சாராயத்துக்குக் காற்றுப் பட்டால் பெரிய நட்டம் இல்லை. பியருக்குக் காற்று யமன். எனவே ஒரு வருடத்துக்கு மேல் நாங்கள் அந்தப் பக்கம் போகவே இல்லை.

பிறகு மாதிரி அனுப்பச் சொன்னார்கள். அது நல்லூர்த் திருவிழாக் காலம். மரியநாயகம் அண்ணைதான் எடுத்தார். இங்கே எங்கள் சாராயப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரே நாளில் ஒரே சரக்கு நிரப்பிய பீப்பாய்களில் மாதிரி எடுப்பதென்றால், கதவோரம் கிடக்கிற பீப்பாயில் எடுத்தால் போதும். மற்றவை அதைப் போலத்தான் இருக்கும். அப்படித்தான் அவரும் எடுத்தார். வாயில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுழித்தார். "என்ன தங்கச்சி இது, சவர்க்காரத் தண்ணி மாதிரிக் கிடக்கு. இதைக் காசு குடுத்து ஆர் குடிப்பான்?" என்றார். எனக்கு விரதம். நான் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. போத்தல் தெற்கே போனது.

அங்கிருந்து பதில் உடனே வந்தது. பியரை நொதிக்க வைக்கிற ஈஸ்ற் அடியில் செத்து அழுகிவிட்டதாம். சவர்க்காரச் சுவை அதனால்தானாம். கருவியில் பார்த்தாலும் புளிப்பு இறங்கித்தான் காட்டுகிறதாம். நாலு பீப்பாயும் ஒரே ஏல் என்றபடியால் நாலும் அப்படித்தான். ஊற்றிவிடுங்கள். மது ஊற்றுவதென்றால் மதுவரி அதிகாரி பக்கத்தில் நிற்க வேண்டும் என்பதால் அவருக்கும் சொல்லியாயிற்று. மத்தியானத்துக்குப் பிறகு வருவார். அதைப் பார்த்துவிட்டு வரச் சொல்லிச் சுகந்தியையே அனுப்பியிருந்தார்கள். தான் காய்ச்சியதைத் தானே ஊற்ற வேண்டும். அந்தப் பெரிய வடிப்பாளருக்குப் பிள்ளைகள் இல்லையோ என்று எனக்குக் கோபம் வந்தது.

ரயிலால் இறங்கி நேரே வந்தாள். தோளில் ஒரு பை. கண் வீங்கியிருந்தது.

"சாப்பிட்டனியே பிள்ளை?" என்று கேட்டேன்.

"பசிக்கலக்கா. சீக்கிரம் ஊத்திட்டுச் சாயந்தர வண்டிக்குப் போயிர்றேன்."

"ஊத்துறதுக்கு முந்தி நீ ஒருக்கால் வாயிலை வைச்சுப் பாத்தனியோ?"

"அங்க லேப்ல பாத்தேன்க்கா. சோப்பு மாதிரிதான் இருக்கு. பெரிய சார் சொல்றது சரிதான் போல." பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "ஆனா எனக்கு இன்னும் மனசு வரலக்கா."

நான் அவளைக் கூட்டிக்கொண்டு பீப்பாய்க் கூடத்துக்குப் போனேன். அங்கே மரியநாயகம் அண்ணை கான் வரை குழாயை இழுத்துப் போட்டுவிட்டு நின்றார். கதவோரப் பீப்பாயில் கொஞ்சம் எடுத்துத் தரச் சொன்னேன். முகர்வதற்குத்தான். அதில் விரதம் கெடாது.

பிள்ளைகளே, செத்த ஈஸ்ற் அழுகினால் என்ன மணம் வரும் என்று உங்களுக்குத் தெரியுமா? எரிந்த ரப்பரும் கெட்டுப்போன சோயாவும் கலந்த மாதிரி இருக்கும். ஒருதரம் முகர்ந்தால் பிறகு மறக்காது. அந்தக் கிண்ணத்தில் அது இல்லை. பனங்கட்டி வாசம் இருந்தது. பேக்கரியில் கருகிய பாண் வாசம் இருந்தது. அடியில் எங்கள் சாராயம் மெல்ல எட்டிப் பார்த்தது. மணம் சுத்தமாக இருக்கிறது, சுவை மட்டும் கெட்டிருக்கிறது என்றால் எங்கேயோ ஏதோ இடிக்கிறது. நாக்கில் வைத்தால்தான் தெரியும்.

"அண்ணை, நீங்கள் இன்னொருக்கால் பாருங்கோ" என்றேன்.

அவர் பார்த்தார். துப்பினார். "சவர்க்காரம்தான் தங்கச்சி. நான் என்ன பொய்யே சொல்லுறன்?"

"வழுக்குதோ, பிடிக்குதோ?"

"என்ன கேள்வி இது? சவர்க்காரம் எண்டால் சவர்க்காரம்தான்."

இதற்கு மேல் அவரைக் கேட்டுப் பயனில்லை. அவருக்குச் சாராயத்தில் சுடுவது, கசப்பது, காந்துவது எல்லாம் அத்துப்படி. ஆனால் எனக்குள் ஒரு சந்தேகம் கிளம்பியிருந்தது. அது பனங்கட்டிப் பகுதியில் இருந்த காலத்துச் சந்தேகம். அதை இன்னொருவர் நாக்கால் தீர்க்க முடியாது.

நான் பயந்தேன். இதை ஒளிக்க வேண்டியதில்லை. ஒரு வருடமாவது விட்டுவைத்த விரதமில்லை அது. கொடி ஏறிய நாளிலிருந்து காலையும் மாலையும் நல்லூர் வாசலில் போய் நிற்கிறவள் நான். வாசலில் சுவாமி. இங்கே கையில் கிண்ணம். பக்கத்தில் வீங்கிய கண்ணோடு ஒரு பிள்ளை. மத்தியானத்துக்குப் பிறகு அதிகாரி வந்துவிடுவார். தீர்த்தம் முடியட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்ல வழியில்லை.

கிண்ணத்தை எடுத்தேன். மரியநாயகம் அண்ணை என் கையைப் பிடிக்காத குறை.

"வேண்டாம் தங்கச்சி. நல்லூர் நாள். பிறகு மனசு கிடந்து அடிச்சுக்கொள்ளும்."

"நல்லூரான் கோவிச்சால் நான் போய்ச் சமாதானம் சொல்லுறன். இந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்லுறது?"

வாயில் வைத்தேன்.

சவர்க்காரம் நாக்கில் வழுக்கும். இது வழுக்கவில்லை. முதலில் மெழுகு போல இருந்துவிட்டு, பிறகு நாக்கின் ஓரம் சொரசொரத்தது. தொண்டைக்குக் கிட்டப் போனதும் வறண்டு பிடித்தது. இந்தச் சுவையை நான் வருடக்கணக்காக நாக்கில் வைத்திருக்கிறேன். பனையில் கட்டுகிற முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் இறங்குகிற பதநீர் புளித்துக் கள்ளாகாது. அதைத்தான் நாங்கள் கருப்பணி என்கிறோம். அதைக் காய்ச்சித்தான் பனங்கட்டி. சுண்ணாம்பு கூடினால் பனங்கட்டி கெட்டுவிடும். ஆகவே பானை பானையாகக் கருப்பணியை நாக்கில் வைத்துச் சுண்ணாம்பு கூடவா குறையவா என்று சொல்வதுதான் அங்கே என் வேலை.

படிக்கத்தில் துப்பிவிட்டு நிமிர்ந்தேன். பியருக்குள் சுண்ணாம்பு எப்படி வரும்? தெற்கில் யாரும் போட மாட்டார்கள். அவர்களுக்கு அப்படி ஒரு எண்ணமே வராது. புளிப்பு என்றதும் கை தானாகச் சுண்ணாம்பைத் தேடுவது இந்த மண்ணில்தான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். யார் செய்தது என்று கேட்டிருந்தால் அந்தக் கூடத்தில் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். பெரிய கரைச்சல் நடக்கும்போது நாங்கள் எல்லாரும் முதலில் ஆளைத்தான் தேடுவோம். ஆள் அகப்பட்டுவிட்டால் சரக்கு மறந்து போய்விடும். எனக்குத் தேவை அந்த நாலு பீப்பாய்.

"அண்ணை, லொறி வரச் சுணங்கின காலத்திலை இந்தப் பீப்பாய் காயாமல் இருக்க உள்ளுக்கு என்ன விட்டனீங்கள்?"

அவர் என்னைப் பார்த்தார். பீப்பாயைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மாறியதை இப்போது நினைத்தாலும் எனக்குத் துக்கமாக இருக்கிறது.

"கதவடியிலை வெய்யில் விழுறது தங்கச்சி. உது ஒண்டுதான் காஞ்சு, உள்ளுக்குப் புளிச்ச மணம் அடிச்சுது. நல்ல பீப்பாய், பழுதாகப் போகுதே எண்டு சுண்ணாம்புத் தண்ணி விட்டு உருட்டினனான்." நெற்றியைத் துடைத்தார். "கழுவேல்லை. முட்டிக்குப் பூசினால் ஆர் கழுவுறது? அப்பிடியே காய விட்டிட்டன். நல்லதுக்குத்தானே செய்தனான்."

"மற்ற மூண்டுக்கும்?"

"இல்லை. இதுக்கு மட்டும்தான். சத்தியமா."

சுகந்திக்கு எங்கள் பேச்சு முழுவதும் விளங்கவில்லை. எங்கள் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் சொல்ல வாய் எடுக்குமுன் மரியநாயகம் அண்ணையே அவளுக்கு முன்னால் போய் நின்றார்.

"பிள்ளை, உன்ரை சாமானிலை ஒரு பிழையும் இல்லை. பிழை என்ரை. கேட்டியே? உங்கடை பெரியவருக்குப் போனைப் போடு. நான் கதைக்கிறன்."

பெரிய வடிப்பாளர் போனில் இலகுவில் நம்பவில்லை. காரணம் தேடி மினக்கெட வேண்டாம், ஊற்றிவிட்டு வா என்றார். ஆதாரம் வேண்டும். மரியநாயகம் அண்ணை, "மஞ்சளைக் கொண்டு வாறன், சுண்ணாம்பு பட்டால் சிவக்கும்" என்று ஓடப் பார்த்தார். நான் மறித்தேன். பச்சைச் சுண்ணாம்பாக இருந்தால்தான் மஞ்சள் சிவக்கும். ஒரு வருடத்துக்கு மேல் பியர் விட்ட காற்றைக் குடித்துக் குடித்து அது கரும்பலகையில் எழுதுகிற சோக்கட்டியாக மாறியிருக்கும். சோக்கட்டிக்குப் புளி வேண்டும்.

கன்ரீனில் இருந்து புளிக்கு ஒரு தேசிக்காய் வந்தது. பீப்பாயின் வாயருகில், ஏல் எட்டாத மேற்பலகையில், ஒரு நீளக் கரண்டியால் சுரண்டினோம். வெள்ளையாகப் பொருக்குப் பொருக்காக வந்தது. அதைச் சாம்பல் நிறக் கோப்பைத் தட்டில் வைத்து, போனில் பெரிய வடிப்பாளர் முகம் தெரியத் தெரிய, சுகந்தி தன் கையாலேயே தேசிக்காயைப் பிழிந்தாள். பொருக்கு சொர்ரென்று நுரைத்தது.

மறுமுனையில் பெரிய வடிப்பாளர் போனுக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். பிறகு சுகந்தி சொன்னாள், "மத்த மூணையும் தொறந்து பாக்கச் சொல்றார்க்கா."

திறந்தோம். இரண்டாவது பீப்பாயை நான் வாயில் வைத்தபோது, விரதம் முறிந்ததைப் பற்றிய கவலைகூட ஒரு நிமிடம் மறந்து போனது. அப்படி ஒன்றை நான் அதற்கு முன் சுவைத்ததில்லை. சுட்ட பனம்பழத்தின் வாசம். பனங்கட்டியும் கருகிய பாணும். பேரீச்சம்பழத்தின் ஒட்டுகிற இனிப்பு. எல்லாம் போன பிறகு எங்கள் சாராயம் நெஞ்சுக்குக் கிட்ட ஒரு சிறு சூட்டை வைத்துவிட்டுப் போனது. மரியநாயகம் அண்ணை துப்பிவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். மூன்றாவதும் அதே மாதிரி. சுகந்தி சிரிக்கத் தொடங்கினாள்.

நாலாவதைத் திறந்ததும் சிரிப்பு நின்றது. பின்னேரக் கள்ளு மாதிரிப் புளிப்பு மூக்கில் அடித்தது. எங்கேயோ பலகை இடுக்கால் காற்றுப் போயிருக்கிறது. கெட்டுப்போகவில்லை. ஆனால் அப்படியே யாருக்கும் கொடுக்கவும் முடியாது.

ஒன்று சுண்ணாம்பு. ஒன்று புளிப்பு. நாலில் இரண்டுதான் தேறின. மூன்று பீப்பாயாவது தேறாவிட்டால் போத்தல் கழுவும் பகுதி என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். வெளியே வெய்யில் சாய்ந்துகொண்டிருந்தது. காவலாளி வந்து, அதிகாரி சந்தி கடந்துவிட்டாராம் என்று சொன்னான்.

"ரண்டைக் காப்பாத்தினதே பெரிய காரியம்" என்று ஆறுதலாகச் சொல்ல நினைத்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை. சுகந்தி என்னைப் பார்க்கவே இல்லை. கதவோரப் பீப்பாயையும் நாலாவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, சுண்ணாம்பு புளிப்பக் கொல்லும்தானே?"

"ஓம்."

"அப்போ புளிப்பும் சுண்ணாம்பக் கொல்லுமே?"

இரசாயனம் படித்தது நான். இவ்வளவு நேரமாக அந்த இரண்டையும் இரண்டு நோயாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அவள் அளவுக் குவளையை எடுத்தாள். இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம். முகர்ந்தாள், வாயில் வைத்தாள், துப்பினாள். புளிப்பு கூடிவிட்டது என்று ஊற்றிவிட்டு மறுபடி கலந்தாள். சுண்ணாம்பு தலை தூக்கியது. மறுபடியும் கலந்தாள். மரியநாயகம் அண்ணை பக்கத்தில் நின்று கிண்ணங்களைக் கழுவிக் கழுவிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வாசலில் வண்டி நிற்கிற சத்தம் கேட்டபோது அவள் ஒரு கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். "நீங்க சொல்லுங்கக்கா. எனக்கு இப்ப எதுவும் தெரியல."

விரதம் ஒருதரம் முறிந்தால் முறிந்ததுதான். வாங்கினேன். சுண்ணாம்பின் பிடிப்பு இல்லை. கள்ளின் புளிப்பு இல்லை. கொழுத்த இனிப்பின் ஓரத்தில் மாங்காய்க் கீறு வைத்த மாதிரி ஒரு மெல்லிய கூர் மட்டும் இருந்தது. தேறிய இரண்டு பீப்பாயையும்விட எனக்கு இதுதான் பிடித்தது. சுவை பார்க்கிறவள் தனக்குப் பிடித்ததைச் சொல்லக் கூடாது. சரக்கில் குறை உண்டா இல்லையா என்பதைத்தான் சொல்ல வேண்டும்.

"குறை இல்லை" என்றேன்.

மதுவரி அதிகாரி உள்ளே வந்து, கானையும் குழாயையும் பார்த்துவிட்டு, "எதை ஊத்துறது?" என்று கேட்டார். மரியநாயகம் அண்ணை குழாயைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். "ஒண்டையும் இல்லை ஐயா. ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார்.

அன்று மாலை நல்லூருக்குப் போனேன். உள்ளே போகவில்லை. வெளி வீதி மணலில் சனத்தோடு சனமாக நின்று கும்பிட்டேன். என்ன சொல்வதென்று தெரியவில்லை. நடந்ததைச் சொன்னேன். தேர் வரைக்கும் வெளியில் நின்றே கும்பிட்டேன். யாரும் போடாத தண்டனை அது, நானே போட்டுக்கொண்டது. அதற்காக இன்றும் எனக்கு வருத்தமில்லை.

சுகந்தியைப் போத்தல் கழுவும் பகுதிக்கு அனுப்பவில்லை. கலந்ததைப் பீப்பாயில் இன்னும் கொஞ்சக் காலம் ஓய விட்டுப் போத்தலில் அடைத்தாள். முதற் போத்தல்கள் எங்கள் ஆலைக்குத்தான் வந்தன. வந்தது தவக்காலத்தில். என் நாக்குக்குத் தடை இல்லை. முகாமையாளர் கிண்ணத்தோடு வந்து நின்றார். நான் போத்தலை அலுமாரியில் வைத்துப் பூட்டித் திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். "இதை மரியநாயகம் அண்ணைதான் முதலிலை பாக்க வேணும்" என்றேன். அந்தப் பீப்பாய் நாளுக்குப் பிறகு அவர் மேசைக்கு வரத் தயங்கிக்கொண்டிருந்தார். தன் நாக்கில் தனக்கே நம்பிக்கை போய்விட்டது என்று வீட்டில் சொன்னாராம். அவருடைய மனைவி எனக்குச் சொன்னார். சுகந்திக்குப் போனில் சொன்னபோது, "அப்போ நான் வர்ற வரைக்கும் தொறக்காதீங்க" என்றாள்.

உயிர்த்த ஞாயிறு கழிந்த அடுத்த நாள் காலையில் மூன்று பேரும் மேசையில் இருந்தோம். தட்டில் ஆறிய இடியப்பம். நடுவில் படிக்கம். சுகந்தி ஊற்றினாள். மரியநாயகம் அண்ணை கிண்ணத்தை நெடுநேரம் முகர்ந்தார். பிறகு வாயில் வைத்து உருட்டினார். கண்ணை மூடினார்.

நான் வழக்கம் போலப் படிக்கத்தை அவர் பக்கம் தள்ளினேன்.

அவர் கண்ணைத் திறக்காமலே கையால் அதைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டார். தொண்டைக் குழி ஏறி இறங்கியது.

"குறை இல்லை, தங்கச்சி" என்றார். கண்ணீர் வடிந்தது.

அத்தனை வருடத்தில் அவர் துப்பாமல் விட்டதை அன்றுதான் பார்த்தேன். பிள்ளைகளே, நீங்கள் துப்பத்தான் வேண்டும். தினமும் துப்புங்கள், அதில் ஒரு விட்டுக்கொடுப்பும் வேண்டாம். நானும் ஓய்வு பெறும் நாள் வரை துப்பினேன், அந்த ஒரு கிண்ணத்தைத் தவிர. அன்று மேசையைத் துடைக்க வந்தவர் படிக்கத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கழுவ வேண்டியதில்லை என்று அப்படியே திருப்பி வைத்துவிட்டுப் போனார்.